நம் டிவி, நம் பணம், நம் கேள்வி

(ஜார்ஜ்டவுன் கலந்துரையாடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிறை, பட்டர்வொர்த் பக்கமிருந்து ஷிப்ட் முடித்துவிட்டு நேராக வந்திருக்கும் சகோதர சகோதரிகளுக்குச் சிறப்பு நன்றி.

நமக்கென்று ஒரு தொலைக்காட்சி வேண்டும் என்று நம் மக்கள் பல காலமாகக் கேட்கிறார்கள். நியாயமான ஆசைதான். வீடு உடைபடும்போதும் தமிழ்ப்பள்ளிக்கு இடம் இல்லாதபோதும் நம் குரல் செய்தியில் இரண்டு நிமிடம்கூட வருவதில்லை. இன்று ஒரு கைப்பேசியும் இணையமும் இருந்தால் சானல் தொடங்கிவிடலாம். ஆனால் நன்கொடை டப்பா நம்மிடம் வரும்போது, கணக்கை எங்கே பார்ப்பது என்று நாம் கேட்கிறோமா?

அமெரிக்காவில் சமூகத் தொலைக்காட்சிக்குத் தனி ஏற்பாடு உண்டு. 1984ஆம் ஆண்டு கேபிள் சட்டப்படி ஊராட்சிகள் கேபிள் கம்பெனிகளிடம் பொதுமக்களுக்கான சானல் கேட்கலாம். வருமானத்தில் 5 விழுக்காடு வரை கட்டணமும் வாங்கலாம். பல ஊர்களில் இந்தச் சானல்களை லாப நோக்கமற்ற அமைப்புகள் நடத்துகின்றன. வரிவிலக்கு பெற்ற அமைப்பு என்பதால், யார் கேட்டாலும் கடைசி மூன்று வருட வரவு செலவு அறிக்கையைக் காட்ட வேண்டும்.

அங்கேயும் சண்டை இல்லாமல் இல்லை. ஹவாய் மாநிலத்தில் 'ஒலெலோ' என்ற சமூகத் தொலைக்காட்சி அமைப்பு, அரசு அலுவலகம்போலத் தன் ஆவணங்களைப் பொதுமக்களுக்குத் திறந்து காட்ட வேண்டுமா என்று வழக்கு வந்தது. காட்ட வேண்டும் என்றது தகவல் அலுவலகம். அது அரசு அமைப்பு அல்ல, அந்தச் சட்டம் அதற்குப் பொருந்தாது என்று 2007இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதில் நமக்குப் பாடம் உண்டு. வெளிப்படைத்தன்மையை முதல் நாளே விதியில் எழுதி வைக்காவிட்டால் பின்னால் கோர்ட்டில்தான் தேட வேண்டும்.

நம் ஊருக்கு வருவோம். 2011 நவம்பரில் பினாங்கு சட்டமன்றம் தகவல் சுதந்திரச் சட்டத்தை நிறைவேற்றியது. சிலாங்கூருக்கு அடுத்து நாம்தான். ஆனால் அது மாநில இலாகாக்களுக்கும் நகராண்மைக்கும் உரிய சட்டம். ஒரு சங்கத்தின் பெட்டியை அது திறக்காது. அந்தச் சங்கத்துக்கு மாநிலம் எவ்வளவு மானியம் கொடுத்தது என்று மாநில இலாகாவிடம் மனுப் போட்டுக் கேட்கலாம். ஒளிபரப்பு உரிமமோ 1998ஆம் ஆண்டு தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் கீழ் கூட்டரசின் கையில் இருக்கிறது.

சங்கமாகப் பதிந்திருந்தால் 1966ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டம் உண்டு. ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் செயலவைப் பெயர்களும் கணக்கும் ஆர்.ஓ.எஸ்.க்குப் போக வேண்டும். ஆனால் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்க நீங்கள் உறுப்பினராக இருக்க வேண்டும். வெறும் நன்கொடையாளருக்கு ரசீது மட்டும்தான் மிச்சம். செண்டிரியான் பெர்ஹாட் கம்பெனியாகப் பதிந்திருந்தாலும் அதே கதைதான். பணம் நம்முடையது, ஓட்டு பங்குதாரருடையது.

பங்கு இருந்தால் மட்டும் போதுமா என்றால், மைக்கா ஹோல்டிங்ஸை நினைத்துப் பாருங்கள். 1980களில் தோட்டத் தொழிலாளர் உட்பட 60,000க்கும் மேற்பட்ட நம் மக்கள் பத்துக் கோடி வெள்ளிக்கு மேல் போட்டார்கள். நகை அடகு வைத்தவர்களும் உண்டு. சட்டப்படி அவர்களுக்கு எல்லா உரிமையும் இருந்தது. 2010இல்தான் பங்குக்கு 80 காசு என்று வாங்க ஆள் வந்தார். ஆகவே உரிமை ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது, வருடா வருடம் போய்க் கேட்க வேண்டும்.

எனவே நம் பெயரைச் சொல்லி எந்தச் சானல் வந்தாலும், பணம் கொடுக்கும் முன் ஐந்து கேள்வி கேளுங்கள்:

1. எந்தப் பெயரில், எந்தச் சட்டத்தில் பதிவு செய்திருக்கிறீர்கள்?
2. செயலவையில் யார் யார்? அவர்கள் கட்சிப் பொறுப்பில் இருக்கிறார்களா?
3. தணிக்கை செய்த கணக்கைத் தமிழில், எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுவீர்களா?
4. கேமரா வாங்கியது, இடம் வாடகைக்கு எடுத்தது யாரிடம்? உறவினர் கம்பெனியா?
5. எங்கள் நிகழ்ச்சியை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தருவீர்களா?

இதைக் கேட்டால் "சமூகத்துக்குத் துரோகம்" என்று சிலர் சொல்வார்கள். பயப்படாதீர்கள். அரசாங்கத்தைப் பார்த்துக் கணக்குக் கேட்கும் நாம், நம் வீட்டுக்குள்ளும் கேட்டால்தான் நம் பேச்சுக்கு மதிப்பு இருக்கும். ஒழுங்காக நடத்துகிறவர்களுக்கு இந்தக் கேள்விகள் பாரமல்ல. கணக்கைச் சுவரில் ஒட்டிய சங்கத்துக்கு மறு வருடம் பணம் தானாக வரும்.

வீட்டுக்குப் போனதும் நீங்கள் சந்தா கட்டும் சங்கத்தின் ரசீதை எடுத்துப் பாருங்கள். அடுத்த பொதுக்கூட்டம் என்றைக்கு என்று நாளையே போன் போட்டுக் கேளுங்கள்.