பள்ளிப் பணியாளரும் ஆபத்துக் காலப் பயிற்சியும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்று இருபத்தைந்து ஆண்டுகளாக வீடுதோறும் சென்று வேண்டி வந்தோம். அவ்வாறு அனுப்பிய பிள்ளை மாலையில் நலமாக வீடு திரும்ப வேண்டும் என்று கேட்கும் கடமையும் நமக்கு உண்டு. அதைப் பற்றியே இன்று சில சொல்ல விழைகிறோம்.

2004ஆம் ஆண்டு சூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் நிகழ்ந்த கொடுமையை நாடு மறவாது. பள்ளியின் சமையற்கூடத்தில் பற்றிய தீ, கீற்றுக் கூரைக்குத் தாவியது. குறுகிய படிக்கட்டில் இறங்கித் தப்ப இயலாமல் 94 குழந்தைகள் மாண்டனர். 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், பள்ளிகளில் தீயணைப்புக் கருவிகள் வேண்டும் என்றும், அவற்றைக் கையாள ஆசிரியர்களுக்கும் பணியாளர்களுக்கும் பயிற்சி வேண்டும் என்றும் ஆணையிட்டது.

'பணியாளர்களுக்கும்' என்ற சொல்லை நாம் அழுத்திப் படிக்க வேண்டும். அடுப்பில் எழும் தீயை முதலில் காண்பவர் சத்துணவுச் சமையலர். புதரில் நெளியும் பாம்பை முதலில் காண்பவர் வளாகத்தைக் கூட்டுபவர். ஆகவே, தலைமையாசிரியர் ஒருவர் சென்று வருவதோடு பயிற்சி முடிந்துவிடலாகாது.

கற்க வேண்டியவை அரிய வித்தைகள் அல்ல. எண்ணெயில் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றலாகாது. அடுப்பை நிறுத்தி, பாத்திரத்தை மூடியால் மூட வேண்டும். தீப்புண்ணில் மையோ பற்பசையோ தடவாமல், இருபது நிமிடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். பாம்பு தீண்டினால் கட்டுவதும் கீறுவதும் தவறு. பிள்ளையை நடக்க விடாமல், 108 வண்டியை அழைத்து, விஷமுறிவு மருந்துள்ள அரசு மருத்துவமனைக்கு உடனே கொண்டுசெல்ல வேண்டும். 2019 நவம்பரில் கேரளத்துச் சுல்தான் பத்தேரியில், வகுப்பறையிலேயே பாம்பு தீண்டி ஐந்தாம் வகுப்புச் சிறுமி இறந்தாள். மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லத் தாமதித்தனர் என்பதே அங்கு எழுந்த புகார். வயலை ஒட்டிப் பள்ளிகள் உள்ள நம் கம்பம் பள்ளத்தாக்கிற்கு இஃது ஓர் எச்சரிக்கை.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்வோம். முதலுதவி என்பது தொட்டுச் செய்யும் பணி. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டம்பாளையத்தில், தாழ்த்தப்பட்ட பெண் பள்ளியில் சமைக்கலாகாது என்று எதிர்ப்பு எழுந்ததை அறிவோம். ஒரு கை சமைத்த சோற்றையே வேண்டாம் என்று மறுத்தால், மயங்கி விழுந்த பிள்ளையைத் தூக்க அந்தக் கை ஒரு கணம் தயங்காதா? அத்தயக்கத்தில் ஓர் உயிர் போனால் குற்றம் அந்தக் கையினுடையதன்று. ஆசிரியரும் சமையலரும் துப்புரவாளரும் ஒரே பாயில் அமர்ந்து, ஒருவரையொருவர் தொட்டுத் தூக்கிப் பழகுவதே இதற்கு மருந்து.

ஆதலின், ஆண்டுதோறும் பள்ளி திறந்தவுடன் ஒரு நாள், தீயணைப்பு நிலையத்தாரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தாரையும் அழைத்து, பணியாளர் அனைவருக்கும் சேர்த்தே பயிற்சி அளிக்குமாறு பள்ளிகளை வேண்டுவோம். பயிற்சிக்கு வரும் சமையலருக்கு அன்றைய கூலி குறையாதிருக்கவும் கேட்போம்.

சித்திரைத் திருவிழாவில் கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டி ஏந்தும் கைகளை நாம் காண்கிறோம். தீயை அஞ்சாது ஏந்தும் ஊர், அதை அணைக்கவும் ஒன்றுகூடிக் கற்கட்டும்.