சராசரியும் சித்திரமும்

'ஆர்' என்னும் புள்ளியியல் கணினி மொழியை நான் பயிலத் தொடங்கியபோது, அம்மொழியுடனேயே கிடைக்கும் ஓர் அட்டவணையை ஆராய்ந்தேன். அமெரிக்காவின் எல்லோஸ்டோன் பூங்காவிலுள்ள 'ஓல்டு ஃபெய்த்ஃபுல்' என்னும் வெந்நீர் ஊற்று, 272 முறை பொங்கிய கணக்கு அது. 'சம்மரி' என்று கட்டளையிட்டேன். ஒருமுறை பொங்கியபின் மறுமுறை பொங்கச் சராசரியாக 71 நிமிடம் ஆகும் என்றது. ஊற்றின் இயல்பை அறிந்துவிட்டதாகக் களித்தேன்.

பின்னர் 'ஹிஸ்ட்' என்னும் கட்டளையால் பட்டைப்படம் வரைந்தேன். என் களிப்பு அடங்கிற்று! 55 நிமிடத்தருகே ஒரு குன்று. 80 நிமிடத்தருகே மற்றொன்று. சராசரியோ இரண்டு உச்சிகளிலும் இல்லை. 'ப்ளாட்' என்னும் கட்டளை காரணத்தைக் காட்டிற்று. சிறிது நேரமே பொங்கினால், ஊற்று விரைவில் மீண்டும் பொங்கும். நெடுநேரம் பொங்கினால் தாமதிக்கும். சிறு பொங்குதலுக்குப் பின் 71 நிமிடம் கழித்து வரும் பயணி, காட்சியைப் பெரும்பாலும் தவறவிடுவார்.

ஆதலின், சராசரியை நம்புமுன் படம் வரைந்து பாருங்கள்.