வெட்டாமலே பங்கிடும் கனி

(பத்துமலையில், பள்ளி விடுமுறையின்போது மாணவர்களுக்குக் கதைநூல் வழங்கிய நிகழ்வில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



272 படிகளையும் ஏறி முருகப் பெருமானைத் தொழுதுவிட்டு வந்திருக்கிறீர்கள். உங்கள் கையில் இப்போது ஒரு கதைநூல் இருக்கிறது. அன்பைப் பற்றியும், நம்மிடம் உள்ள திறமையைப் பிறரோடு பகிர்வதைப் பற்றியும் பேசும் நூல் அது. அதையொட்டிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

மாம்பழக் கதை உங்கள் அனைவருக்கும் தெரியும். ஒரே பழம், இரண்டு பிள்ளைகள். உலகை முதலில் சுற்றி வருபவருக்கே பழம் என்றார்கள். ஒருநாள் வகுப்பில் இக்கதையைச் சொன்னபோது ஒரு சிறுமி எழுந்து, “ஐயா, பழத்தை வெட்டி ஆளுக்குப் பாதி கொடுத்திருக்கலாமே?” என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. “அது ஞானப்பழம்; வெட்டக்கூடாது” என்று பெரியவர்கள் சொல்லும் விடையைச் சொல்லி அவளை அமர வைத்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அதே வகுப்பில் கணக்கில் கெட்டிக்காரனான ஒரு மாணவன் இருந்தான். விடையைக் கையால் மறைத்துக்கொண்டுதான் எழுதுவான். பக்கத்தில் இருப்பவன் சந்தேகம் கேட்டாலும் வாய் திறக்கமாட்டான். தனியே அழைத்துக் காரணம் கேட்டேன். “சொல்லிக் கொடுத்தால் அவன் முதலாவதாக வந்துவிடுவான், ஐயா” என்றான். எனக்குச் சுருக்கென்றது. குறை அவனுடையதன்று. முதல் பரிசு வாங்கியவனுக்கு மட்டுமே கைதட்டிய நான் கற்றுக் கொடுத்த பாடம் அது.

மறுநாளே பின்னக் கணக்கைப் பக்கத்து மாணவனுக்குச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பை அவனிடம் ஒப்படைத்தேன். மூன்றாம் நாள் அவனே ஓடி வந்து, “ஐயா, அவனுக்கு விளக்கும்போதுதான் நான் செய்த தவறு எனக்கே தெரிந்தது” என்றான். சிறுமியின் கேள்விக்கு அன்றுதான் விடை கிடைத்தது. மாம்பழத்தை வெட்டினால் ஆளுக்குப் பாதிதான். ஞானத்தைப் பங்கிட்டால் ஆளுக்கு முழுப்பழம்! அதை வெட்ட வேண்டிய தேவையே இல்லை.

குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவை எண்ணிப் பாருங்கள். 1922இல் இராயவரத்தில் பிறந்த அவர், பிழைப்புக்கு வங்கியில் வேலை பார்த்தார். மிஞ்சிய நேரத்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். அவருடைய ‘மலரும் உள்ளம்’ 1944இல் வெளிவந்தது. பாட்டெழுதும் வரம் தம்மிடம் மட்டும் இருக்கட்டும் என்று அவர் எண்ணவில்லை. 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாக முன்னின்று, பிறரையும் குழந்தைகளுக்காக எழுதத் தூண்டினார். 1989இல் அவர் மறைந்தாலும், அவர் ஏற்றிய விளக்கு அணையவில்லை.

நம் வட்டாரத்திலும் அத்தகையவர் இருந்தார். சிங்கப்பூரில் ‘தமிழ் முரசு’ நடத்திய தமிழவேள் கோ. சாரங்கபாணி, ஐம்பதுகளில் மாணவர் மணிமன்றத்தின் வழியாகப் பள்ளிப் பிள்ளைகளின் எழுத்துக்கு இடம் தந்தார். அங்கே எழுதிப் பழகியவர்கள் பலர் பின்னாளில் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நல்ல எழுத்தாளர்களாக மலர்ந்தார்கள்.

செல்வங்களே, இந்த நூலை அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். வாசிக்க வருமா? பாட்டிக்கு வாசித்துக் காட்டுங்கள். படம் வரைய வருமா? தம்பிக்குக் கதையைப் படமாக்கிக் காட்டுங்கள். பாட வருமா? தங்கைக்குச் சொல்லிக் கொடுங்கள். விடுமுறை முடிவதற்குள் நூல் இன்னொரு பிள்ளையின் கைக்குப் போகட்டும்.

பெற்றோர்களே, தேர்வு முடிவு வரும் நாளில், “நீ எத்தனையாவது?” என்று கேட்பது நம் வழக்கம். இனிமேல், “யாருக்கு என்ன சொல்லிக் கொடுத்தாய்?” என்றும் சேர்த்துக் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி, விடையை மறைக்கும் கையை விலக்கிவிடும்.

முருகப் பெருமான் திருவருள் அனைவருக்கும் கிட்டுவதாக!