கறுப்புப் பொட்டு வைத்த அம்பாசடர்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"படிப்பும் வாழ்வும்" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் ஒரு பொம்மைக் காரைப் பற்றிப் பேசப் போகிறேன். செயலாளர் கோபித்துக் கொள்ளக் கூடாது!

1984-ல் நான் இங்கே பி.எஸ்ஸி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. வீடு மயிலாப்பூரில். அப்பா தி.நகரில் ஒரு கம்பெனியில் டிரைவர், ஓட்டியது அம்பாசடர். நவராத்திரிக்கு வடக்கு மாட வீதியில் பொம்மை வாங்கிப் படி கட்டி, கீழே மணல் பரப்பி ரோடு போடுவோம். அந்த ரோட்டில் நிற்க ஒரு தகர அம்பாசடர். அதற்கு விளக்குப் போட வேண்டுமென்று எனக்கு ஆசை.

ரிச்சி தெருவில் இரண்டு சிவப்பு எல்.இ.டி. வாங்கி வந்து, பின்பக்கம் பொருத்தி, ரேடியோவுக்குப் போடும் 9 வோல்ட் பேட்டரியில் நேராகக் கொடுத்தேன். பளிச்சென்று ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். இரண்டும் போயே போச்சு. அப்பா எட்டிப் பார்த்தார். "நேரா குடுத்தா கருகாம என்னடா பண்ணும்? நடுவுல தடுக்க ஏதாவது வேணாமா?" என்றார்.

அவர் எட்டாவது வரைதான் படித்தவர். ஓம் விதியில் முழு மார்க் வாங்கியவன் நான்! அன்று ராத்திரிதான் முதன்முதலாக அந்த விதியை எனக்காகப் போட்டுப் பார்த்தேன். சிவப்பு எல்.இ.டி.க்கு 2 வோல்ட் போதும். மீதி 7 வோல்ட். 15 மில்லி ஆம்பியர் போக வேண்டுமானால் சுமார் 470 ஓம். அந்த ரெசிஸ்டர் கடையில் சில பைசாதான்.

அடுத்த தொல்லை ஒயர். ஒவ்வொரு விளக்குக்கும் இரண்டிரண்டாக இழுத்ததில் காருக்குள்ளே இடியாப்பம். அப்பா சிரித்தார். "நிஜ வண்டியில அப்படியா போகுது? பாடிதாண்டா ஒரு ஒயர்." பெயின்ட்டைச் சுரண்டி, தகரத்தையே எர்த்தாக்கினோம். ஒயர் பாதியானது.

முன்விளக்குக்கு வழியில்லை. அப்போது வெள்ளை எல்.இ.டி. கிடையாது. டார்ச் பல்பு வைத்தேன். மஞ்சளாக எரிந்து, பேட்டரியைத் தின்றது. 1993-ல் ஜப்பானில் நகமுரா பிரகாசமான நீல எல்.இ.டி. செய்தார், அதன் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசி 1996-ல் வெள்ளை விளக்கு வந்தது. நீல எல்.இ.டி.க்காக 2014-ல் அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் நோபல் பரிசு.

2005-ல் அடையாறு வீட்டில் அதே காரை மறுபடி பிரித்தேன். அம்பாசடரின் ஹெட்லைட் 7 அங்குலம், அதாவது 178 மில்லிமீட்டர். எங்கள் பொம்மை 36-ல் ஒரு பங்கு. வகுத்தால் கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர். கடையில் கிடைக்கும் சாதாரண எல்.இ.டி.யின் அளவும் அதேதான்! இன்டிகேட்டருக்கு 555 ஐ.சி. போட்டேன். 1 கிலோ ஓம், 47 கிலோ ஓம், 10 மைக்ரோ பாரட் கண்டென்சர். நிமிடத்துக்கு சுமார் 90 தடவை. அப்பா கைக்கடிகாரத்தை வைத்து எண்ணி, "சரியா இருக்கு" என்றார்.

ஆனால் ஹெட்லைட்டைப் பார்த்ததும் முகம் சுளித்தார். "எதிர்ல வர்றவனுக்குக் கண்ணு தெரியுமாடா?" உண்மைதான். காரைச் சின்னதாக்கினேன், வெளிச்சத்தைச் சின்னதாக்க மறந்து விட்டேன். 390 ஓமை எடுத்துவிட்டு 1 கிலோ ஓம் போட்டேன். கொலு ரோட்டில் வெளிச்சம் பதமாக விழுந்தது. அப்புறமும் அவருக்குத் திருப்தியில்லை. பேத்தியின் கண்மையை விரல் நுனியில் எடுத்து, இரண்டு ஹெட்லைட்டுக்கும் நடுவில் ஒரு பொட்டு வைத்தார். அந்தக் காலத்தில் வண்டிகளுக்கு வைப்பார்களே, எதிரே வருபவர் கண் கூசாமலிருக்க, அதே கறுப்புப் பொட்டு.

அம்பாசடர் தயாரிப்பு 2014-ல் நின்று விட்டது. அப்பாவும் இப்போது இல்லை. எங்கள் கொலுவில் அந்தக் கார் மட்டும் ஒவ்வொரு வருஷமும் எரிகிறது. பொட்டை நான்தான் புதுப்பிக்கிறேன்.

மாணவர்களே, கல்லூரி எனக்கு விதியைச் சொல்லிக் கொடுத்தது. அதை எங்கே போடுவது என்பதை ஒரு டிரைவர் சொல்லிக் கொடுத்தார். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார். அவர் இருக்கும்போதே கேட்டு விடுங்கள்.