கழிபொருளிற் கலை
(பனமரத்துப்பட்டியிற் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



யான் கற்பிக்கும் வகுப்பில் ஒரு சிறுவன், ஓட்டுத் துண்டுகளையும் வளையற் சில்லுகளையும் களிமண்ணிற் பதித்து ஒரு மயில் செய்து எனக்குக் காட்டினான். மறுநாள் அவன் முகம் வாடியிருந்தது. வினவியபோது, "குப்பை பொறுக்குவது நம் குலத்துக்கு அடுக்குமா என்று சொல்லி, அப்பா மயிலைத் தெருவில் எறிந்துவிட்டார், ஐயா" என்றான். அத் தந்தையார் இவ்வவையில் இருத்தலுங் கூடும். அவரைக் குறைகூற யான் எழுந்தேனல்லேன். ஒரு வரலாறு சொல்லவே எழுந்தேன்.

நேக் சந்த் என்பார் 1924-ஆம் ஆண்டிற் பிறந்தவர். 1947-இல் நாடு பிரிவுற்றபோது பிறந்த ஊர் பாக்கிஸ்தானத்தைச் சேர்ந்துவிட, அகதியாய் இப்பால் வந்தார். சண்டிகர் என்னும் புதுநகரம் எழுந்த காலத்து அங்கே சாலை மேற்பார்வையாளராக அமர்ந்தார். அந்நகரத்தின்பொருட்டுச் சிற்றூர்கள் பல இடிக்கப்பட்டன. இடிபாடுகளிற் கிடந்த உடைகலங்கள், பீங்கான், வளையல் முதலியவற்றை அவர் மிதிவண்டியிற் சுமந்து, சுக்னா ஏரிக்கு அருகிலுள்ள காட்டிற் சேர்த்தார். அவ்வளையல்கள் யார் யார் கையிற் கிடந்தனவோ! ஊரிழந்தவர் ஒருவரே ஊரிழந்தவர்தம் உடைமைகளைப் பொறுக்கினார் என்பதை எண்ணுந்தோறும் என் நெஞ்சம் கரைகின்றது.

அக்காடு கட்டடம் எழுப்பலாகாத அரசுநிலம். ஆதலின், 1957 தொடங்கி ஏறத்தாழ 18 ஆண்டுகள், பகலில் அலுவலும் இரவிற் சிற்பமுமாக, மிகச் சிலரே அறிய உழைத்தார். 1975-இல் அதிகாரிகள் கண்டுகொண்டனர். சட்டப்படி இடித்துத் தள்ளியிருக்கலாம். மக்கள் திரண்டு வந்து வியந்தமையால் அது பிழைத்தது. 1976-இல் அவ்விடம் பூங்காவாகத் திறக்கப்பெற்றது. அவருக்குச் சம்பளமும் உதவிக்கு 50 தொழிலாளரும் அளித்தனர். 1984-இற் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 2015-இல் மறைந்தார். பூங்கா இன்றும் உளது.

சண்டிகர் மிகத் தொலைவு என்பீர்கள். மெய்தான். நம் பாட்டிமார் செய்ததை நினைவு கூருங்கள். பழங்காகிதத்தை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து உரலில் இடித்து, கவிழ்த்த பானைமேல் அப்பி உலர்த்திக் கூடையாக்கினார்களே! வெந்தயம் பிடிப்பும் தரும், பூச்சியையும் விலக்கும். அக் கூடையிலே தானியம் வைத்து உண்டோம். குலத்துக்கு இழிவு என்று அன்று யாரேனும் சொன்னாரா? பிளாஸ்டிக் கூடை வந்தபின் அத்தொழிலையும் மறந்தோம். பொறுக்குபவரை இகழவும் கற்றோம்.

எறியப்பட்ட மயிலின் துண்டுகளை அச்சிறுவனும் யானும் தெருவிற் குனிந்து திரட்டினோம். என்னைக் கண்டு சிலர் நகைத்தனர். அடுத்த கூட்டத்தன்று இம்மண்டப வாயிலிலமர்ந்து அவன் அதனை மீண்டும் செய்வான். தந்தையார் வந்து காணவேண்டுகிறேன். தாய்மார்களே, வளையல் உடைந்தால் எறியாது பொதிந்து அனுப்புங்கள். தோகைக்குப் பச்சைச் சில்லு போதவில்லை.