ஜான் உல்மன்: வணிகமும் மனச்சான்றும்



வணிகம் தமிழ் இலக்கியத்துக்குப் புதிய பொருளன்று. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் போற்றும் பட்டினப்பாலை, வாங்கும்போது மிகுதியாக வாங்காமையையும் விற்கும்போது குறைத்துக் கொடாமையையும் அவர்தம் இயல்பாகக் காட்டுகிறது. பிறர் பொருளையும் தம் பொருளெனக் கருதிக் காக்கும் பண்பை வள்ளுவர் வணிகர்க்கு நெறியாக வகுத்தார். இவை தராசின் இரு புறத்தும் நிற்போர்க்கு உரிய அறங்கள். ஆனால், அத்தராசின் பார்வைக்கு எட்டாத தொலைவில் அப்பொருளை விளைவித்தவர் எந்நிலையில் இருக்கிறார்? கிறித்தவ உலகில் இவ்வினாவைத் தம் சொந்தக் கடையிலிருந்தே தொடங்கியவர் ஒருவர் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நியூ ஜெர்சிப் பகுதியில் வாழ்ந்த அவர் பெயர் ஜான் உல்மன்.

செல்வத்தைப் பற்றி விவிலியம் ஒரே குரலில் பேசவில்லை. ஊசியின் காதையும் ஒட்டகத்தையும் உவமை காட்டிச் செல்வரை எச்சரித்தவர் இயேசு. தலைவன் ஒப்படைத்த பணத்தை மண்ணில் புதைத்துவைத்த பணியாளைக் கடியும் உவமையைச் சொன்னவரும் அவரே. எரிகோ நகரில் வரி தண்டிய சக்கேயு, தன் உடைமையில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகக் கூறுகிறான். எவரையேனும் ஏமாற்றிப் பெற்றிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் உறுதியளிக்கிறான். முன்னது ஈகை, பின்னது நீதி. ஈகையில் ஒருவன் தன் பொருளைத் தருகிறான். நீதியிலோ பிறர் பொருளைப் பிறர்க்கே சேர்க்கிறான். கிறித்தவ வணிக அறத்தின் நெடிய வரலாறு இவ்விரண்டுக்கும் இடையே நிகழ்ந்து வரும் வழக்கு எனலாம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ், பொருளுக்கு நியாய விலை வேண்டும் என்றும், கடனுக்கு வட்டி வாங்குதல் அநீதி என்றும் வாதிட்டார். ஜான் வெஸ்லி, 1760இல் அச்சான தம் சொற்பொழிவு ஒன்றில், ஈட்டல், சேமித்தல், வழங்கல் ஆகிய மூன்றையும் கடமையாக்கினார். எனினும் அயலாரின் உடைமைக்கோ உடலுக்கோ ஆன்மாவுக்கோ கேடு தரும் ஈட்டலை அவர் விலக்கினார். சமயக் கட்டுப்பாடே முதலாளியத்தின் மனப்பாங்கை வளர்த்தது என்னும் ஆய்வை மாக்ஸ் வெபர் 1904, 1905ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். சிக்கனமும் உழைப்பும் நேர்மையும் செல்வத்தைக் குவிக்கும். குவிந்த செல்வமோ அவற்றைப் பிறப்பித்த பக்தியையே சோதிக்கும்.

இச்சோதனையைக் கண்கூடாகக் கண்டவர்கள் குவேக்கர் என்னும் சமயக் குழுவினர். பதினேழாம் நூற்றாண்டில் ஜார்ஜ் ஃபாக்ஸ் தொடங்கிவைத்த அவ்வியக்கம், பேரம் பேசுவதையும் பொய்யின் வகையாகவே கருதியது. ஒரு விலை சொல்லிப் பிறகு வேறொரு விலைக்கு இறங்கினால் முதலில் சொன்னது பொய்தானே? ஆகவே ஒரே விலை என்னும் வழக்கத்தைக் குவேக்கர் வணிகர் மேற்கொண்டனர். சிறு பிள்ளையைக் கடைக்கு அனுப்பினாலும் ஏமாற்றம் நேராது என்னும் நம்பிக்கை மக்களிடையே பரவியது, வணிகம் பெருகியது. நேர்மை செல்வம் தந்தது. சிக்கலும் அங்கேதான் முளைத்தது. அந்த நேர்மையான தராசு, அடிமைகள் விளைவித்த சர்க்கரையையும் நேர்மையாகவே நிறுத்துக் கொடுத்தது.

ஜான் உல்மன் 1720இல் ஒரு குவேக்கர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். இருபத்தொரு வயதில் மவுண்ட் ஹாலி என்னும் ஊரில் ஒரு கடையில் கணக்கெழுதும் பணியில் அமர்ந்தார். ஒருநாள் கடை முதலாளி தம்மிடமிருந்த கறுப்பினப் பெண் ஒருத்தியை விற்றுவிட்டு, அதற்குக் கிரயப் பத்திரம் எழுதும்படி அவரைப் பணித்தார். வாங்க வந்தவர் காத்து நின்றார், முதியவர், அவரும் குவேக்கரே. ஆண்டுச் சம்பளத்துக்கு அமர்ந்த இளைஞர், முதலாளியின் கட்டளை. உல்மன் பத்திரத்தை எழுதினார். எழுதிய பின்னர் இருவர் முன்னிலையிலும், அடிமைகளை வைத்திருத்தல் கிறித்தவ நெறிக்குப் பொருந்தாது என்று தாம் கருதுவதைச் சொன்னார். அவ்வாறு சொன்னது அவர் உள்ளத்தின் பாரத்தைச் சிறிது குறைத்தது, நீக்கவில்லை. எழுத மறுத்திருக்க வேண்டும் என்னும் எண்ணம் பின்னரும் அவரைத் தொடர்ந்தது.

அடுத்த முறை வேறொருவர் அத்தகைய பத்திரத்துக்காக வந்தபோது அவர் எழுத மறுத்தார். நோயுற்ற அண்டைவீட்டுக்காரர் ஒருவர் உயில் எழுதக் கேட்டார். உல்மன் உயிலை எழுதினார். அடிமைப் பெண்ணை வாரிசுக்கு விடும் பகுதியை மட்டும் எழுதாமல் விட்டார். ஊதியமும் பெறாமல், எழுதியதைப் படுக்கையருகே கொண்டுசென்று, தம் மனநிலையை விளக்கினார். நோயாளி அவளை விடுதலை செய்ய இசைந்தார். உயிலும் நிறைவு பெற்றது. ஒருவரையும் அவர் பழித்துரைக்கவில்லை. தம் எழுதுகோல் எதைச் செய்யாது என்பதை மட்டும் அமைதியாகத் தெரிவித்தார்.

தாமே கடை தொடங்கியபின் அடுத்த சோதனை வந்தது. தையல் தொழிலோடு சில்லறை வணிகமும் செய்தார். தையலுக்கு வேண்டிய சிறு பொருள்களில் தொடங்கிய கடை துணிகளுக்கும் பிற சரக்குகளுக்கும் விரிந்தது. வாடிக்கையாளர் பெருகினர். பெருஞ்செல்வத்துக்கான வழி திறந்திருந்தது. ஏழைகள் தேவையற்ற பொருள்களைக் கடனுக்கு வாங்கிப் பின்னர் வழக்கில் சிக்குவதை அவர் கண்டார். தம் மனமும் சரக்கிலேயே அழுந்துவதை உணர்ந்தார். 1756ஆம் ஆண்டில் அவர் கடையைச் சுருக்கத் தொடங்கினார். வேறு எந்தக் கடைக்குச் செல்லலாம் என்று எண்ணிக்கொள்ளுமாறு தம் வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே தெரிவித்தார். தையலும் பழமரத் தோட்டமும் குடும்பத்துக்குப் போதுமாயின. நட்டத்தால் மூடிய கடைகள் உலகில் எண்ணிறந்தவை. இலாபம் பெருகியதால் சுருங்கிய கடை அரிது.

அவர் துறவி அல்லர். மனைவியும் மகளும் உள்ள இல்லறத்தார். செல்வத்தை வெறுத்ததாகவும் சொல்ல இயலாது. பொருளின் பின்னே நிற்கும் மனிதரைக் காண முயன்றார் என்பதே பொருந்தும். 1757இல் தென்பகுதிக் குடியேற்றங்களில் பயணம் செய்தபோது அடிமை முதலாளிகளின் இல்லங்களில் தங்க நேர்ந்தது. அங்கே விருந்து என்பது ஊதியமில்லாதவர் உழைப்பு என்று உணர்ந்த உல்மன், புறப்படும்போது அப்பணியாளர்களுக்கென வெள்ளிக் காசுகள் கொடுத்தார். தாம் முன்பு ரம்மும் சர்க்கரையும் வெல்லப்பாகும் விற்றதை எண்ணி வருந்தினார். அந்நாளில் ரம்மை மக்கள் அளவோடு குடிக்க வேண்டுமே என்னும் கவலை மட்டுமே தமக்கு இருந்ததாகத் தம் நாட்குறிப்பில் ஒப்புக்கொண்டார். அழுக்கை மறைக்கவே சாயம் உதவுகிறது என்று கூறிச் சாயமிடாத ஆடை அணிந்தார். உடன்வாழ்ந்தோருக்கு அது விந்தையாகவே தோன்றியது. அடிமை முறையைக் கண்டித்து 1754இலும் 1762இலும் அவர் நூல்கள் எழுதினார். 1758இல் பிலடெல்பியாவில் கூடிய குவேக்கர் ஆண்டுப் பேரவை, அடிமைகளை வைத்திருந்த உறுப்பினரை நேரில் கண்டு பேசக் குழு அமைத்தது. உல்மனும் அக்குழுவில் இடம்பெற்றார். 1772இல் இங்கிலாந்துக்குச் சென்றபோது, வசதியான அறையை விலக்கி மாலுமிகளின் பகுதியில் பயணம் செய்தார். குதிரைகளும் வண்டிச் சிறுவர்களும் படும் துன்பம் அறிந்து, அந்நாட்டில் நடந்தே சென்றார். அவ்வாண்டு அக்டோபர் 7ஆம் நாள் யார்க் நகரில் பெரியம்மையால் மறைந்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1776இல், பிலடெல்பியப் பேரவை தன் உறுப்பினர் எவரும் அடிமை வைத்திருக்கலாகாது என்று முடிவு செய்தது.

இங்கே ஒரு மறுப்பு எழும். நல்லவர்கள் கடையைச் சுருக்கினால் பேராசைக்காரருக்குத்தானே வழி கிடைக்கும்? பெருவணிகத்தை நடத்தியே நன்மை செய்ய இயலாதா? இம்மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. அதற்குச் சான்றாக மற்றொரு குவேக்கர் குடும்பமே நிற்கிறது. ஜான் காட்பரி 1824இல் பர்மிங்காமில் திறந்த கடை, அவர் மக்கள் காலத்தில் பெரிய சாக்லேட் தொழிலாக வளர்ந்தது. 1879இல் போர்ன்வில்லில் ஆலை எழுந்தது. அதனையடுத்துத் தோட்டங்களோடு கூடிய வீடுகளும் எழுந்தன. 1900இல் அக்குடியிருப்பை ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தனர். தொழிலாளர் நலனுக்கு அது நல்ல முன்மாதிரி என்பதில் ஐயமில்லை.

ஆனால் கொக்கோ எங்கிருந்து வந்தது? பெரும் பங்கு, போர்த்துகீசியர் ஆண்ட சாவோ தோமே, பிரின்சிபி தீவுகளிலிருந்து வந்தது. அங்கோலாவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்கள் ஒப்பந்தக் கூலிகள் என்னும் பெயரில் அங்கே அடிமைகளாக உழைத்தனர். 1901இலேயே இச்செய்தி வில்லியம் காட்பரியின் காதுக்கு எட்டியது. நிறுவனம் ஆளனுப்பி ஆராய்ந்தது, அரசுகளோடு பேசியது, சீர்திருத்தத்துக்கு வற்புறுத்தியது. அத்தீவுகளின் கொக்கோவை வாங்குவதை நிறுத்தியது 1909இல். நிறுவனத்தாரின் நேர்மையை ஐயுற்று எழுதிய ஸ்டாண்டர்டு நாளிதழ்மீது அவர்கள் அவதூறு வழக்குத் தொடுத்தனர். 1909 டிசம்பரில் நடுவர் குழு காட்பரி பக்கமே தீர்ப்பளித்தது. ஆனால் இழப்பீடாக ஒரு ஃபார்திங் மட்டுமே வழங்கியது. பென்னியின் நான்கில் ஒரு பங்கு அது.

அவர்கள் வஞ்சகர் அல்லர். உள்ளிருந்து திருத்தலாம் என்று நம்பினர். அந்நம்பிக்கையில் எட்டு ஆண்டுகள் சென்றன. போர்ன்வில் தோட்டங்களில் மலர் பூத்த அதே ஆண்டுகள், தீவிலிருந்தவருக்கு மீளாத ஆண்டுகள். உல்மனுக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு நல்லவர் தீயவர் என்னும் வேறுபாடன்று. சக்கேயுவின் முதல் உறுதிமொழியைக் காட்பரி குடும்பம் தாராளமாக நிறைவேற்றியது, இரண்டாவதற்குத் தாமதித்தது. உல்மனோ இரண்டாவதிலிருந்தே தொடங்கினார். ஈகை எத்துணைப் பெரிதாயினும் நீதிக்கு மாற்றாகாது என்பதை அவர் வாழ்வு உணர்த்துகிறது.

இச்செய்தி தமிழருக்கு அயலானதன்று. 1834இல் பிரிட்டிஷ் குடியேற்றங்களில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் தேவைப்பட்டனர். மொரிஷியசுக்கும் நேட்டாலுக்கும் பிஜிக்கும் தமிழர் கப்பலேறினர். 1860இல் நேட்டாலை அடைந்த முதற்கப்பல் சென்னையிலிருந்தே புறப்பட்டது. பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் துயருற்ற பெண்களை எண்ணிப் பாரதி பாடினார். சர்க்கரையின் இனிப்புக்குப் பின்னே நிற்கும் முகத்தை உல்மன் கண்டார். அம்முகம் தம் இனத்துப் பெண்ணின் முகமாகவும் இருப்பதைப் பாரதி கண்டார்.

உல்மன் விட்டுச்சென்ற செல்வம் அவர் நாட்குறிப்பு. 1774இல் அச்சேறிய அந்நூல் இன்றும் அமெரிக்க இலக்கியத்தில் மதிக்கப்படுகிறது. அதன் நடையில் அணியோ ஆரவாரமோ இல்லை. பெண்ணொருத்தியை விலைக்கு எழுதிக் கொடுத்த அதே கை, அச்செயலை மறைக்காமல் அந்நூலில் எழுதிவைத்தது. பத்தாண்டு நிறைவு காணும் இவ்விலக்கிய வட்டத்தின் கவிஞர்களும் நாள்தோறும் எழுதுகோல் எடுப்பவர்களே. வாழ்த்துரையும் விளம்பரமும் பத்திரமும் பாட்டும் எழுதித் தருமாறு கேட்போர் என்றும் உண்டு. எழுத மறுக்க வேண்டியது எது என்று அறிந்த பிறகே உல்மனின் எழுத்து வலிமை பெற்றது. வணிகருக்கு அவர் வைத்த அளவுகோல் புலவருக்கும் பொருந்துவதே.