முன்னே சொன்னால் அக்கறை, பின்னே சொன்னால் பழி
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



இன்று நம்மில் பலர் தனியே கார் ஓட்டுகிறோம். ஏறியதும் கதவுகளைப் பூட்டுகிறோம், பெற்றோல் குறையவிடுவதில்லை, போகும் வழியை வீட்டில் சொல்லிவிடுகிறோம். இவை நல்ல பழக்கங்கள். மகள்மாருக்கும் மகன்மாருக்கும் பழக்குவோம்.

ஆனால் 2020 செப்டெம்பரில் பாகிஸ்தானில் நடந்ததையும் நினைத்துப் பார்ப்போம். லாகூருக்கு அருகே, இரவில், பெற்றோல் தீர்ந்து நின்ற காரில் பிள்ளைகளோடு உதவிக்குக் காத்திருந்த தாயொருவரை இருவர் பாலியல் வல்லுறவுக்கு உட்படுத்தினர். நகரின் பொலிஸ் தலைமை அதிகாரியோ, அவர் ஏன் அந்த வழியால் வந்தார், பெற்றோலை ஏன் பார்க்கவில்லை என்று கேட்டார். பெண்கள் வீதியில் இறங்கினர். அதிகாரி மன்னிப்புக் கோரினார். 2021 மார்ச்சில் குற்றவாளிகள் இருவருக்கும் மரணதண்டனை விதிக்கப்பட்டது.

'பெற்றோலைப் பார்' என்று புறப்படுமுன் சொன்னால் அக்கறை. பாதிக்கப்பட்டு வந்தவரிடம் சொன்னால் பழி. அந்தப் பழிக்குப் பயந்தே பலர் வைத்தியசாலைக்கு வரத் தயங்குகிறார்கள். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணித்தியாலங்களுக்குள் தொடங்க வேண்டும். கருத்தரிப்பைத் தடுக்கும் அவசர மாத்திரையும் முந்தினால்தான் நன்கு பலன் தரும். நாம் கேட்கும் ஒரு 'ஏன்' அந்த நேரத்தைத் தின்றுவிடும்.

ஆகவே, அப்படி ஒருத்தி நம்மிடம் வந்தால், 'நீ வந்தது நல்லது' என்போம். அரசாங்க வைத்தியசாலையின் 'நட்பு நிலையத்துக்கு' அவளோடு கூடப் போவோம். 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்தையும் கைபேசியில் பதிந்து வைப்போம்.